ஒரு கீறல்கூட இல்லை

முதல் பிராக்கெட் ஸ்பீடோமீட்டரின் மேல் விழுந்தது. இரண்டாவது எங்கே போனது என்று தெரியவில்லை. தரை விரிப்பைத் தூக்கி உதறி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, கடைசியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த வங்கி மேலாளரின் சட்டைப் பையிலிருந்து அதைக் கண்டெடுத்தார்கள்.

"நான் எடுக்கல மேடம். அதுவா வந்து விழுந்திருக்கு," என்றார் அவர்.

"நீங்க எடுத்தீங்கன்னு யார் சொன்னா? வண்டியை ஓரமா நிறுத்துங்க. ஓரம்னா ஓரம். நடுரோடு இல்ல."

அத்தோடு அன்றைய பாடம் முடிந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அம்மாள் இரண்டு பிராக்கெட்டுகளையும் காகிதக் கைக்குட்டையில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, தன் வீட்டின் கீழ்த்தளத்திலிருந்த பல் மருத்துவமனைக்குள் நேராக நுழைந்தார். அங்கே மருமகள் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான் பல் டாக்டர். மாமியார் பொட்டலத்தைத் தட்டில் வைத்தார்.

"இந்தா, உன் சாமான்."

மருமகள் பிரித்துப் பார்த்தாள். ஒட்டி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

கோணல் பற்களுக்குக் கிளிப் போடும்போது ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு குட்டி எஃகுச் சதுரத்தை ஒட்டுவார்கள். அதுதான் பிராக்கெட். அதன் பள்ளத்தில் பிறகு கம்பி ஓடும். ஒட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்து, ஆசிட் ஜெல்லைத் தடவி, கழுவி, காற்றடித்துக் காய வைத்தால், எனாமல் சாக்பீஸ் தேய்த்தாற்போல் வெளுத்துச் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில் பசை இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே நீல வெளிச்சத்தைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். படிக்கிற காலத்தில் இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் ஒட்டிய பிராக்கெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் தாடையோடுதான் கழற்ற வேண்டும் என்று பேராசிரியரே கேலி செய்வார்.

அப்பேர்ப்பட்ட கைக்கு இப்படி ஒரு சோதனை. அதுவும் மாமியார் வாயில்.

மாமியார் சாதாரண ஆள் இல்லை. அந்த வட்டாரத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவருடைய காரின் தலையில் ஒரு பலகை உண்டு: 'கால் நூற்றாண்டு. ஒரு கீறல்கூட இல்லை.' கார் கொட்டகையாக இருந்த இடத்தைச் சுண்ணாம்பு அடித்து, தரைக்கு ஓடு பதித்து, மருமகளுக்கு மருத்துவமனையாக மாற்றிக் கொடுத்தவரும் அவரே. கார் அன்றிலிருந்து தெருவில் நின்றது. திறந்து இரண்டு மாதமாகியும் மருத்துவமனைக்கு ஈ காக்கை வரவில்லை. மாமியார்தான் ஒருநாள் முடிவு கட்டினார்.

"எனக்குக் கிளிப் போடு. என் கோணப்பல்லை ஊரே பார்த்துக்கிட்டிருக்கு. அது நேரானா அதைவிட விளம்பரம் உனக்கு வேணுமா? என்கிட்ட கத்துக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் உன்கிட்டதான் வருவாங்க. ஆனா மழை தொடங்கறதுக்குள்ள யாராவது வந்தாகணும். இல்லேன்னா கார் உள்ள வந்துடும். அது நனையறதை என்னால பார்க்க முடியாது."

மருமகள் நெகிழ்ந்துபோனாள். பெற்ற தாய்கூட இந்த வயதில் மகளுக்காகப் பல்லில் இரும்பு மாட்டிக்கொள்ள மாட்டாள். அந்த நெகிழ்ச்சியில்தான் அவள் ஒரு டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு மருமகள் கேட்பதுபோல் கேட்டுவைத்தாள்.

"இதுக்கு முன்னாடி பல்லுல ஏதாவது வைத்தியம் பண்ணியிருக்கீங்களா அத்தை?"

"என் உடம்பும் என் வண்டி மாதிரிதான். ஒரு கீறல் கிடையாது."

"ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"நான் கண்ணாடியைக்கூடப் பார்க்காம ரிவர்ஸ் எடுக்கறவ. உனக்கு எக்ஸ்ரே இல்லாம எதிர்ல இருக்கற பல்லு தெரியாதா?"

மருமகள் எக்ஸ்ரேயை விட்டுவிட்டாள். வேறொரு நோயாளியாக இருந்திருந்தால் எழுந்து போங்கள் என்றிருப்பாள்.

மேல்வரிசையில் பற்கள் நெரிசல் பேருந்தில் நிற்பவர்களைப்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நடுவிலிருந்த முன்பல் இரண்டு மட்டும் அளவெடுத்து வைத்தாற்போல் நேராக, அழகாக இருந்தன. "இந்த ரெண்டும் முத்து மாதிரி இருக்கு அத்தை," என்று அவள் மனமாரச் சொன்னாள். மாமியார் வழக்கத்துக்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. கம்பியையும் அன்றைக்கே கோத்துவிடலாம் என்றதற்குத்தான் வாய் திறந்தார்: "முதல்ல ஃபர்ஸ்ட் கியர். அது பழகின பிறகுதான் செகண்ட்." ஆகவே பிராக்கெட்டுகளை மட்டும் ஒட்டி அனுப்பினாள். மறுநாளே இரண்டு திரும்பி வந்துவிட்டன. அந்த முத்துகள் இரண்டிலிருந்தும்.

"ஏதாவது கடினமா கடிச்சீங்களா அத்தை?"

"கடிச்சேனா? அந்த மேனேஜர் போட்ட பிரேக்குக்கு என் கழுத்து கழண்டு விழாதது ஆச்சரியம்."

வாசல் பக்கம் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையை நிமிர்த்தினார். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டுக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் மனைவி அவருக்குத் தருவதில்லை. அவரும் கேட்பதில்லை. பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை இறுக்கி மாட்டி, கண்ணை மூடிக்கொள்வார்.

"ஒண்ணு சொல்லலாமா?" என்றார் மாமனார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் மாமியார்.

மாமனார் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

மருமகள் அன்றைக்கே மறுபடி ஒட்டினாள். இந்த முறை ஆசிட்டை இரண்டு மடங்கு நேரம் விட்டுவைத்தாள். கழுவிக் காற்றடித்தபோது ஒன்று அவள் கண்ணில் பட்டது. எனாமல் வெளுக்கவே இல்லை. ஆசிட் பட்ட சுவடே இல்லாமல் அந்த இரண்டு பல்லும் பளபளவென்று இருந்தன. ஜெல் பழசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் காலை ஆட்டிக்கொண்டிருந்ததால் அதற்குமேல் யோசிக்கவும் நேரமில்லை.

அன்று மாலை டீ குடிக்கும்போது ஒன்று கோப்பைக்குள் விழுந்தது. இன்னொன்றை மாமியார் விழுங்கிவிட்டாரோ என்று வீடே பதறியது. பிஸ்கட்டில் குத்தி நின்றதை மருமகளின் கணவன்தான் பார்த்தான்.

மருமகளுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்று, பசை கெட்டுப்போயிருக்க வேண்டும். அல்லது விளக்கு கெட்டுப்போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கெட்டுப்போனது தன் கைதான். அந்த மூன்றாவதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எது என்று தெரிந்துகொள்ள இன்னொரு வாய் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் கணவனின் வாய்தான் இருந்தது.

கணவன் வானொலியில் செய்தி வாசிப்பவன்.

"எனக்கு எதுக்கு? என் பல்லு நேராத்தானே இருக்கு?"

"அதனாலதான். ரெண்டே ரெண்டு. ஒரு வாரம். நிக்குதா இல்லையான்னு பார்த்துட்டு எடுத்துடறேன்."

"நான் செய்தி வாசிக்கணும்மா."

"வாசிங்களேன். வானொலியில பல்லா தெரியப்போகுது?"

பல் தெரியவில்லைதான். ஆனால் கேட்டது. முன்பற்களில் இரண்டு எஃகுச் சதுரங்கள் உட்கார்ந்ததும் 'செய்திச் சுருக்கம்' என்று தொடங்கும்போதே ஒரு மெல்லிய விசில் புறப்பட்டது. 'அமைச்சர்' என்று வந்தபோதெல்லாம் விசில் வந்தது. 'ஆலோசனை' என்றபோதும் வந்தது. அமைச்சரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செய்தி வாசிப்பவர் விசிலடிக்கிறாரே, இதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று நேயர்கள் நிலையத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். மேலதிகாரி கணவனை வானிலைக்கு மாற்றினார். அங்கே விசில் காற்றோடு காற்றாகப் போய்விடும் என்று நம்பியிருப்பார்.

இவ்வளவு நடந்தும் பிராக்கெட் இரண்டும் அசையவில்லை. கணவன் ஆப்பிளைக் கடித்தான், கரும்பைக்கூடக் கடித்துப் பார்த்தான். ம்ஹூம். மருமகளுக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. பசை நன்றாக இருக்கிறது, விளக்கு நன்றாக இருக்கிறது, கையும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த நிம்மதி மாமியார் மகனின் வாயைப் பார்க்கும்வரைதான்.

"சிரிடா."

"எதுக்கும்மா?"

"சிரின்னா சிரி."

கணவன் சிரித்தான். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு பிராக்கெட்டை நகத்தால் நெம்பியும் பார்த்தார். கணவன்தான் அசைந்தான், பிராக்கெட் அசையவில்லை.

"ஓஹோ," என்றார் மாமியார். "புருஷனுக்கு நல்ல பசை. மாமியாருக்கு மட்டமான பசை."

"ஐயோ அத்தை, ரெண்டும் ஒரே ட்யூப்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கொட்டகையைக் கொடுத்தவளுக்கு இவ்வளவு போதும்னு நினைச்சிருப்பே."

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே ட்யூபை எடுத்து வந்து, மாமியார் கண்முன்னாலேயே பிதுக்கி, அதே விளக்கைக் காட்டி, மூன்றாவது முறையாக ஒட்டினாள். எந்த அசைவும் கூடாது என்று முடிவு செய்து, கையோடு ஒரு கட்டளையும் போட்டாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாயைப் பெரிசா திறக்கக் கூடாது. கத்தக் கூடாது. முடிஞ்சா பேசவே வேணாம்."

"பேசாம எப்படிப் பாடம் எடுக்கறது?"

"சைகையில சொல்லுங்க அத்தை."

மாமனார் செய்தித்தாளை மடித்தார். "ஒண்ணு சொல்லலாமா?"

மாமியார் கட்டளையை அப்போதே கடைப்பிடிக்கத் தொடங்கியிருந்தார். வாயைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். மாமனார் தாளைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வங்கி மேலாளர் காரை மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது பாடம். மாமியார் உதட்டை ஒட்டவைத்தாற்போல் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் வழக்கம்போல் மாமனார். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் திரும்பு என்று முன்னாலேயே எழுதிக் காட்டியிருந்தார். வாசல் நெருங்கியது. மாமியார் உள்ளங்கையைக் காட்டினார். மேலாளர் அதைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பாருங்கள், ரோட்டைப் பாருங்கள் என்று மாமியாரே அவரை மூன்று மாதமாகத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார். அதில் ரோடு மறைந்தது. மேலாளர் வெலவெலத்துப்போய்ப் பிரேக் என்று நினைத்து வேறொன்றை மிதித்தார்.

'பல் மருத்துவமனை' என்று எழுதியிருந்த புத்தம்புதுப் பலகை இரண்டாக முறிந்து சாய்ந்தது. 'பல்' ஒரு பக்கமும் 'மருத்துவமனை' இன்னொரு பக்கமும் கிடந்தன.

மாமியார் வாயைத் திறந்தார். திறந்த வேகத்தில் பிராக்கெட் இரண்டும் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தன.

"பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு எதுக்குய்யா காருக்குள்ள ஏறணும்? நடந்தே போகலாமே. என் ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒருத்தர் இப்படிப் பண்ணினது கிடையாது. இது ஒரு மனுஷன் பண்ற தப்பா?"

பின்சீட்டில் பெல்ட் மாட்டியிருந்த மாமனாருக்குப் பெரிதாக ஒரு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

காரின் மூக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அதை யாரும் கீறல் என்று சொல்லக் கூடாது என்று மாமியார் உத்தரவிட்டார். "வண்டி போய் மோதல. பலகைதான் வழியில நின்னுக்கிட்டிருந்தது," என்றார். ஆனாலும் அன்று மதியம் அவர் ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் தடவித் தடவித் துடைப்பதை மாடி ஜன்னலிலிருந்து மருமகள் பார்த்தாள். மனசு என்னவோ செய்தது. தன்னால்தானே இத்தனையும்.

அவள் உள்ளே போய்ப் பழைய பாடப்புத்தகங்களை இறக்கினாள். பிராக்கெட் ஒட்டும் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஃப்ளோரைடு ஏறிய எனாமல் இறுகிப்போகும், ஆசிட் அதை எளிதில் அரிக்காது, பல் வெளுக்காமல் பளபளப்பாகவே இருக்கும், பிராக்கெட் நிற்காது. எழுத்துக்கு எழுத்து மாமியாரின் பல்.

மருத்துவமனை திறந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஃப்ளோரைடு ஜெல் பரிசளித்தவள் அவளேதான்.

"அத்தை, அன்னிக்கு ஒரு ஜெல் கொடுத்தேனே, அதைப் போட்டீங்களா?"

"போடாம? நீ ஆசையாக் கொடுத்தது. ரெண்டு வேளையும் போடறேன். முன்னாடி தெரியற பல்லுக்கு நல்லாத் தடவுவேன்."

மருமகளுக்கு ஒரே சமயத்தில் சந்தோஷமும் வெட்கமும் வந்தன. முன்னாடி தெரியும் பல். அதனால்தான் அந்த இரண்டில் மட்டும் நிற்கவில்லை. எவ்வளவு சுலபமான விஷயம். மாமியாரை உட்காரவைத்து, எனாமல், ஆசிட், ஃப்ளோரைடு எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினாள். தப்பு தன் மேல்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. கடைசியில் தொல்லை கொடுத்த வாடகைக்காரர் காலி செய்துபோன வீட்டுக்காரரைப்போல அவ்வளவு நிம்மதி அதில் தெரிந்தது.

"அப்போ அந்த ஜெல்தான் காரணம்?"

"ஆமா அத்தை."

"வேற எந்தக் காரணமும் இருக்க முடியாது?"

"முடியாது அத்தை."

"பரவாயில்ல விடு. புதுசா தொழிலுக்கு வர்றவங்க தப்பு பண்றது சகஜம். நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

மனசில் வைத்துக்கொள்ளாததால் அது வெளியே போனது. அன்றிலிருந்து பாடத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாமியார் மருமகளுக்காகப் பரிந்து பேசினார். "பாவம், சின்னப் பொண்ணு. ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்துட்டா. என் பல்லு ரெண்டும் கெட்டிப்பட்டுப் போச்சு. வேணும்னா பண்ணினா? நீங்க யாரும் தப்பா நினைக்காதீங்க." அதுவரை தப்பாக நினைக்காதிருந்தவர்களும் அதைக் கேட்ட பிறகு நினைக்கத் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு வருவதாகச் சொல்லியிருந்த தையல் டீச்சர் தெருவில் மருமகளைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

"அம்மா உன்னைக் காப்பாத்தறதை நிறுத்தினாலே போதும், நீ பிழைச்சுக்குவே," என்றான் கணவன். பிராக்கெட்டை எடுத்துவிட்டிருந்ததால் விசில் இல்லாமல் சொன்னான்.

ஜெல்லை நிறுத்தி இரண்டு வாரம் காத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் மேகம் கூடிக்கொண்டே வந்தது. மாமியார் தினமும் காலையில் ஒருமுறை வானத்தையும், ஒருமுறை தெருவில் நின்ற காரையும், ஒருமுறை மருமகளையும் பார்ப்பார். வாயால் எதுவும் கேட்கமாட்டார். அந்த மூன்றாவது பார்வை மருமகளுக்கு ஊசியாகக் குத்தும்.

குறித்த நாள் வந்தது. மருமகள் கேட்டுக்கொள்ளாமலேயே மாமியார் தன் மாணவர்களைத் திரட்டிவந்திருந்தார். "எல்லார் கண்ணு முன்னாடியும் ஒட்டு. அப்போதான் உன் பேர் திரும்பி வரும்," என்றார். தையல் டீச்சர், அவள் தங்கை, இன்னும் சிலர் வாசல் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வங்கி மேலாளர், உடைத்த பலகைக்குப் பதிலாகப் புதுப் பலகை ஒன்றைச் செய்வித்து மடியில் வைத்துக்கொண்டு பவ்வியமாக உட்கார்ந்திருந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. மாமனார் வழக்கமான நாற்காலியில், வழக்கமான செய்தித்தாளோடு.

மாமியார் நாற்காலியில் சாய்ந்தார். மருமகள் உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை அவர் வாயில் பொருத்தினாள். கன்னத்துக்குள் பஞ்சை வைத்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினாள். இப்படி எல்லாம் செய்த பிறகு எந்த மனிதராலும் 'ஆங்' என்பதற்குமேல் எதுவும் பேச முடியாது.

ஆசிட்டைப் புதிதாகத் திறந்து தடவினாள். காத்திருந்தாள். கழுவினாள். காற்றடித்தாள். குனிந்து பார்த்தாள்.

பல் இரண்டும் பளபளவென்று இருந்தன. குனிந்திருந்த அவள் முகமூடியின் வெள்ளைகூட அதில் தெரிந்தது.

இன்னொரு முறை ஆசிட்டை வைத்தாள். இன்னொரு முறை கழுவினாள். பளபளப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. வெளியே முதல் துளி விழும் சத்தம் வாசல் தகரக் கூரையில் கேட்டது. தெருவில் கார் நனையத் தொடங்கியது.

மருமகள் கருவியைத் தட்டில் வைத்தாள். முகமூடியைக் கழற்றினாள்.

"அத்தை, என்னால முடியல," என்றாள். "ஜெல்லும் இல்ல, பசையும் இல்ல. என் கைதான். எனக்கு இந்தத் தொழில் வரலபோல. நீங்க எனக்காக எவ்வளவோ பண்ணீங்க. எல்லார் முன்னாடியும் உங்க பல்லைக் கெடுத்துட்டேன். நான் பழைய ஆஸ்பத்திரிக்கே சம்பளத்துக்குப் போயிடறேன். காரை உள்ளே விட்டுடுங்க."

வங்கி மேலாளர் மடியிலிருந்த பலகையை மெதுவாகத் திருப்பி, எழுத்து தெரியாதபடி வைத்துக்கொண்டார். மாமியார் மருமகளின் கண்ணில் நீரைப் பார்த்தார். "ஆங்," என்றார். அதில் சமாதானம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று யாருக்கும் புரியவில்லை. அவர் கண்களும் கலங்கியிருந்தன.

வாசலில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லலாமா?"

மாமியாரின் கண்கள் அகன்றன. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து ஒரு கை வெடுக்கென்று நீண்டு உள்ளங்கையைக் காட்டியது. நிறுத்து. மாமனார் நிறுத்தவில்லை. விரல் சுழன்றது. திரும்பு. மாமனார் திரும்பவும் இல்லை. "ஆங். ஆங்," என்றார் மாமியார்.

மாமனார் ஒரு நிமிடம் காத்துப் பார்த்தார். வழக்கமான பதில் வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக் வளையத்தை நன்றியோடு ஒருமுறை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெஞ்சின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அழாதேம்மா, அது ரெண்டுலயும் எதுவும் ஒட்டாது, அது பீங்கான் பல்லு, நிஜப்பல்லு ரெண்டும், கல்யாணமான புதுசுல இவளுக்குக் கார் கத்துக்கொடுக்கறேன்னு நான் 'பிரேக்'னு கத்தினப்போ இவ ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பாரு, அன்னிக்கே ஸ்டியரிங்ல போயிடுச்சு."